என் வீட்டுக்காரரின் மன்சஃப் வலைப்பூ

இருபத்தாறு வருஷம் எங்கள் ஊர் கரக்குக்கும் தலைநகர் அம்மானுக்கும் இடையே பேருந்து ஓட்டியவர் என் வீட்டுக்காரர் தைசீர். ஓய்வு பெற்ற மறுவாரமே வலைப்பூ தொடங்கிவிட்டார். பேருந்தில் அவர் பேச்சைக் கேட்க முதுகுக்குப் பின்னால் எப்போதும் நாற்பது பேர் இருந்தார்கள். வீட்டில் நான் ஒருத்திதான். நானும் கேட்பதில்லை.

வலைப்பூ முழுக்க மன்சஃப்தான். காய்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்து, அதில் ஆட்டுக்கறியை வேகவைத்து, சோற்றின் மேல் ஊற்றுவதைப் பற்றி ஒரு மனிதன் எண்பத்து மூன்று பதிவு எழுதுவான் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி அப்பா காலில் விழுந்திருப்பேன்.

அது வினையாகிப் போனது அவருடைய அண்ணன் முக்லிஸின் மகன் கல்யாணத்தில். முந்நூறு பேருக்கு மன்சஃப் யார் சமைப்பது? இவரா, என் தம்பி திர்காமா? திர்காமும் வலைப்பூ வைத்திருக்கிறான். கடையில் விற்கும் பெட்டித் தயிரை ஊற்றிச் சமைக்கிற பயல். இரண்டு பேரும் கத்திய கத்தலில் முக்லிஸுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

"இணையத்துல மன்சஃப்னு தேடிப் பாருங்கடா! அடுத்த வெள்ளிக்கிழமை எவன் பக்கம் முதல்ல வருதோ அவன் சமைக்கட்டும். என்னை ஆளை விடுங்க."

தைசீர் உடனே தேடிப் பார்த்தார். ஒன்பதாம் பக்கத்தில் கிடந்தார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. தைசீர் சாப்பிடாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. முக்லிஸின் மகள் ரனீமைக் கூப்பிட்டேன். அம்மானில் இணையதளங்களைச் சீர்செய்வதுதான் அவள் வேலை.

வந்தவள் பக்கத்தைத் திறந்தாள். நான் தேநீர் போட்டு, வடிகட்டி, கொண்டுவந்து கொடுத்தேன். பக்கம் இன்னும் திறந்துகொண்டிருந்தது.

"சித்தப்பா, ஒரே தயிர்க்கட்டிக்கு எதுக்கு அறுபது போட்டோ?"

"எல்லாப் பக்கமும் தெரிய வேணாமா?"

"அது உருண்டை சித்தப்பா! அதுக்குப் பக்கமே கிடையாது!"

அறுபதை நான்காக்கி, அதையும் சுருக்கினாள். திறந்ததும் அலறும் கல்யாண மேளத்தைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு எழுத்துக்கு வந்தாள். படிப்பவரின் அப்பா நலமா, அம்மா நலமா, ஆடுகள் நலமா என்று விசாரித்தே பாதிப் பதிவு போயிருந்தது.

"வந்தவனுக்கு ஒரு காபி கூடக் குடுக்காம நேரா சோத்தைப் போடச் சொல்றியா? மானம் போயிடும்டி!"

"நீங்க காபி கொண்டு வர்றதுக்குள்ள அவன் திர்காம் மாமா வீட்டுக்குப் போயிடறான் சித்தப்பா."

அதோடு அடங்கிவிட்டார். தயிர்க்கட்டியை நினைத்து வைத்த 'ஓ என் வெண்கல்லே' என்ற தலைப்பு 'கரக் மன்சஃப் செய்வது எப்படி' ஆனது. ஊர், தெருப் பெயர் இருந்தால் தேடலில் மேலே வரும் என்று சொல்லி, அடியில் கிடந்த ஒரு வரியைத் தூக்கி உச்சியில் வைத்தாள் ரனீம்: 'வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தே ஆகவேண்டும். கரக், கோட்டைக்குக் கீழே, மருந்துக்கடைச் சந்து, நீலக் கதவு.' இப்படி எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுவார்கள். கேட்டவர் நெஞ்சில் கைவைத்து "நல்லா இருங்க" என்று நடையைக் கட்டுவார். ரனீமும் கரக்காரிதானே, அவள் கண்ணை அது உறுத்தவில்லை. என் கண்ணையும்தான்.

"யாராவது கருத்து எழுதினா உடனே பதில் போடுங்க. அப்பத்தான் ஒட்டிக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் கருத்து வந்தபோது மனிதர் குதித்த குதி! 'எத்தனை மணிக்கு வரலாம்?' என்று யாரோ கேட்டிருந்தார்கள். 'இது உங்கள் வீடு. சொந்த வீட்டுக்கு வர நேரம் கேட்கலாமா!' என்று பதில் போட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். முக்லிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். முதலில் திர்காம். இரண்டாவது தைசீர்.

ஒன்பதாம் பக்கத்திலிருந்து எட்டு நாளில் ஏறி வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் இரண்டாவது இரண்டாவதுதானே? "சரி திர்காம், நீயே பண்ணுடா" என்றார் முக்லிஸ். தைசீர் அடுக்களைக்குப் போய்ப் பானையை மூடினார். ஜெயித்தவன் என் கூடப்பிறந்தவன், இருந்தாலும் அவனை அறையலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

அப்போது கதவைத் தட்டினார்கள். வெளியே பதினோரு பேர்.

"வந்தே ஆகணும்னு எழுதியிருந்தீங்க, வந்துட்டோம்" என்று ஒருவன் இனிப்புப் பெட்டியை நீட்டினான். இங்கே படிக்க வந்த மலேசியப் பிள்ளைகள். அரபியை வகுப்பறையில் கற்றவர்கள், எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொண்டார்கள். சந்து முனையில் இன்னும் ஆறு பேர் நீலக் கதவைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, நம்ம ஆறு பேருக்கு வச்ச சோறுங்க!" என்றேன்.

"பெரிய அண்டாவை எடு ஹைஃபா!" தைசீருக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

"மச்சான், என் கார்ல பெட்டித் தயிர் இருக்கு..."

"அதை உன் கார்லயே ஊத்து. இங்க வந்து பாதாமை வறு."

முக்லிஸ் கறிக்கு ஓடினார். அது வேகும் வரை தைசீர் பதினேழு பேருக்கும் காபி ஊற்றி, பதினேழு பேரின் அப்பா அம்மாவையும் நலம் விசாரித்தார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

"உங்க பக்கம் பட்டுனு திறந்துச்சு மாமா. வீட்டைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு மணி நேரமாச்சு" என்றாள் ஒரு பெண், குழம்பை வழித்துக்கொண்டே.

முக்லிஸ் மூன்றாவது முறை தட்டை நிரப்பினார். திர்காம் வாயைத் திறக்கவில்லை, வாயில் இடமில்லை.

"டேய் தைசீர், முதல்ல வந்தவனாவது கிந்தவனாவது! கல்யாணச் சமையல் உனக்குத்தான்" என்றார் முக்லிஸ். தைசீருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான், சொல்ல என்ன வெட்கம். "ஆனா ஒண்ணு. கல்யாணத் தேதியை மட்டும் அந்த வலைப்பூவுல போட்டுத் தொலைச்சிடாத."

தைசீர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"போட்டு ரெண்டு நாளாச்சுண்ணே."