பிரதமர் போட்ட தாழ்ப்பாள்

அவையில் பிரதமர் சொன்னது மறுநாளே நடக்காவிட்டால் அவரைப் போலீஸ் பிடித்துப் போய்விடும் என்று நான் நம்பினேன். தாம்பரத்தில் எட்டாம் வகுப்பு. பள்ளியின் மாதிரி நாடாளுமன்றத்தில் நான்தான் பிரதமர். உயரமும் அப்பாவின் கோட்டும்தான் தகுதி. இன்றும் டி.வி.யில் அவை நேரலை ஓடினால் அந்தக் கோட்டின் அந்துருண்டை வாசனை வருகிறது.

"கேன்டீன் போண்டா கோலிகுண்டு சைஸ்ல கீது, பிரதமரே!" என்றான் ஓர் உறுப்பினர்.

"அரசு பரிசீலிக்கும்."

பெருங்களத்தூரில் ரயிலேற இடமில்லை என்றான் இன்னொருவன். அதையும் பரிசீலித்தேன்.

எதிர்க்கட்சித் தலைவி எழுந்தாள். "கேர்ள்ஸ் பாத்ரூம்ல தாழ்ப்பாளே இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி காவல் நிக்கறோம். இதையும் பரிசீலிச்சிட்டே இருப்பீங்களா, பிரதமர் சார்?"

அவை சிரித்தது. கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. "நாளைக்கே போட்டுடுவோம்!" என்று கத்திவிட்டேன். பின்வரிசையில் தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வீடு போகும் வழியெல்லாம் காக்கிச் சட்டையைக் கண்டால் ஒதுங்கினேன். அதில் ஒருவர் எங்கள் தெரு போஸ்ட்மேன்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி, பள்ளி வாட்ச்மேன் அண்ணாவிடம் கொடுத்தேன். அவர் மாட்டிவிட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லோரும் பாடிக்கொண்டே குளித்தார்கள்.