நாலு நாள் வெயில்

செய்னுலாப்தீனுக்கு வானத்தைப் பார்க்காமல் ஒரு வாய் தேநீர் இறங்காது. புத்தளம் களப்போரத்தில் ஐந்து உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர். களப்பின் கடல்தண்ணீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் காயவிட்டு, அடியில் படியும் உப்பைப் பலகையால் வாருவதுதான் முப்பது வருடத் தொழில். இடையில் ஒரு மழை விழுந்தால் எல்லாம் திரும்பத் தண்ணீர். போன போகம் அப்படித்தான் போனது. இந்த முறையும் போனால் குத்தகையை விட்டுவிட்டு இன்னொருவர் பாத்தியில் கூலிக்கு நிற்க வேண்டும். அதுவும் ஐம்பத்தெட்டு வயதில்.

இத்தனை தெரிந்த மனிதர் மகளை யாருக்குக் கொடுத்தார்? நுரைச்சோலையில் வெங்காயம் போடுகிறவனுக்கு. மாமனாருக்கு வெயில் வேண்டும், மருமகனுக்கு மழை வேண்டும். கல்யாணப் பேச்சில் இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

புரட்டாதியில் மருமகன் மின்ஹாஜின் கிணறு உவர்த்தது. மழையில்லாமல் ஊரே மோட்டார் போட்டு இறைத்ததில் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. வெங்காயத் தாள் நுனியிலிருந்து கருகியது. மாமனாருக்குச் சோறு போடும் உப்பு மருமகனின் பயிரைத் தின்றது.

"வெள்ளிக்கிழம மழைத்தொழுக இரிக்கி மாமா. நீங்களும் வாங்க," என்று மின்ஹாஜ் போனில் கூப்பிட்டான்.

பாத்திகளில் உப்பு படிந்திருந்தது, ஆனால் மெல்லிசு. வாருவதற்கு வெள்ளிக்குப் பிறகும் நாலு நாள் வெயில் வேண்டும். வரமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? "ஓம் மகன், வாறன்," என்றார்.

திடலில் மழை கேட்கும் தொழுகை முடிந்ததும் மௌலவி தன் சால்வையைப் புரட்டிப் போட்டார். நிலைமையும் இப்படிப் புரளட்டும் என்று கேட்கிற வழக்கம் அது. கூட்டமும் புரட்டியது. செய்னுலாப்தீனின் கை மட்டும் எழவில்லை. மனிதர் மறந்துவிட்டார் என்று நினைத்து, மின்ஹாஜே அவர் தோளில் கிடந்ததை எடுத்துப் புரட்டிப் போட்டான். பிறகு எல்லாரும் கையேந்தினார்கள். 'செவ்வாய்க்குப் பிறகு, யா அல்லாஹ்' என்று இவர் மனதுக்குள் கேட்டார். படைத்தவனுக்கே தவணை சொல்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் இரண்டாம் முறையும் அதையே கேட்டார்.

வீடு திரும்பியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை மேற்கே கறுத்தது. வீட்டுக்கும் பாத்திக்குமாக நடந்தார். இப்போதே வாரிவிடலாமா? வாரினால் பாதி சேறு, எவரும் வாங்க மாட்டார்கள்.

"பாத்துப் பாத்துக் கழுத்துத்தான் நோகும். வந்து சாப்பிட்டுப் போங்க," என்றாள் மனைவி ஸுல்பிகா. அவர் சாப்பிடவில்லை.

ஞாயிறு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு காற்று மாறியது. அரை மணி நேரத்தில் துளி விழுந்தது, பிறகு கொட்டியது. பாத்தியோரத் தகரக் கொட்டிலுக்குள் ஓடிப்போய் நின்றபோது போன் அடித்தது. மகள் ஹஃபீலா.

"வாப்பா, இங்க நல்ல மழ. பிள்ளையள் முத்தத்தில நனையுதுகள்."

அவள் குரலில் இப்படியொரு சந்தோஷத்தைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். அதை மனதாரத்தான் சொன்னார்.

"அங்க எப்படி? ஒங்கட உப்பு?"

வெள்ளையாகக் கிடந்த பாத்தி அவர் கண்ணெதிரே கரைந்து சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

"இங்க வெயில் மகள். நல்ல வெயில்."

ஹஃபீலா பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னது கேட்டது.

"தகரத்தில விழுற சத்தம் எனக்குக் கேக்குது வாப்பா," என்றாள்.