மோட்டார் சைக்கிளில் போன ஐந்து கிலோமீற்றர்

நெடுந்தூரம் ஓடப் பழகுவது, அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பதைப் போன்ற தொழில்: பாடு முழுவதையும் தனியாள் படவேண்டும், விளக்கம் மட்டும் ஊர் முழுவதற்கும் சொல்லவேண்டும். இரண்டையும் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். விடியப்புறம் எழும்பிச் சப்பாத்தைக் கட்டிவிட்டு, கட்டில் விளிம்பில் இருந்து கொஞ்ச நேரம் சுவரைப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கும் இருந்தால், மேலே வாசியுங்கள்.

நான் துணுக்காயில் ஓர் அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். வீடு கிளிநொச்சிப் பக்கம், குடியேற்றத் திட்டக் காணியில். அப்பாவும் அம்மாவும் நெல் விதைக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் என்கிற பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, பரீட்சையில் எனக்குக் கிடைத்த எந்தப் புள்ளியையும் யாரோ பிழையாகக் கூட்டிப் போட்டுவிட்டார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை. வேலைக்காக ஓர் அறை எடுத்துத் தனியே இருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கதைக்க ஆளில்லாமல் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, கொழும்பில் கடற்கரை வீதியால் ஓடும் மரதன் ஒன்றைக் கண்டேன். பெயரைப் பதிந்துவிட்டேன். நாற்பத்திரண்டு கிலோமீற்றர்.

இது கடைசி ஐந்து வாரங்களின் கதை. இணையத்தில் எடுத்த பயிற்சி அட்டவணையில் ஒரு வரி இருந்தது: போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது முப்பத்திரண்டு கிலோமீற்றரை இடையில் விடாமல் ஓடி முடிக்க வேண்டும். அதை முடிக்காமல் கொழும்புக்கு பஸ் ஏறுவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கொண்டேன். ஒருவரும் பிழையாகக் கூட்டமுடியாத ஒரு காரியமாவது என்னிடம் இருக்கட்டும் என்ற ஆசைதான்.

எந்த இல்லம்?

விசயத்தை முதலில் சொன்னது அடுத்த மேசைச் சுகந்தி அக்காவுக்கு. சனி, ஞாயிறில் என்ன செய்தீர் என்று திங்கட்கிழமை என்னிடம் கேட்கிற ஒரே ஆள் அவா. எங்கள் பக்கத்தில் மரதன் என்றால் அது பள்ளிக்கூடத்துச் சாமான். பிள்ளைகளை நிறத்துக்கு ஓர் இல்லமாகப் பிரித்து வைக்கிற இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் வாரம் நடக்கும். ஐந்தாறு கிலோமீற்றர். சந்திக்குச் சந்தி தோடம்பழத்தை வெட்டி வைத்துக்கொண்டு பிள்ளைகள் நிற்பார்கள். மயங்கி விழுகிறவர்களை ஏற்றப் பின்னால் ஓர் ஆட்டோ வரும்.

"நாற்பத்திரண்டு" என்றேன். "நாற்பத்திரண்டு பேரோ?" என்றா. இல்லையக்கா, கிலோமீற்றர் என்றேன். அவா விரித்திருந்த கோவையை மூடிவைத்துவிட்டு, துணுக்காயிலிருந்து மாங்குளம், மாங்குளத்திலிருந்து மேலே என்று விரலால் மேசையில் கோடு இழுத்தா. கோடு கிட்டத்தட்ட எங்கள் வீட்டு வாசலில் போய் நின்றது. "அதுக்கு பஸ் இருக்கெல்லே?" என்றா. இருக்கிறது என்றேன். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் கேட்டா: "அது சரி தம்பி, நீர் எந்த இல்லத்துக்கு ஓடுறீர்?"

பின்னால் பார்க்கிறவர்கள்

ஓர் ஆள் தெருவால் ஓடினால், எங்கள் ஊர்களில் ஒருவரும் அந்த ஆளைப் பார்ப்பதில்லை. அவருக்குப் பின்னால் என்ன வருகிறது என்றுதான் பார்க்கிறார்கள். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, விளக்குமாற்றோடு வாசல் படலைக்கு வந்து, நான் வந்த திசையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மூன்றாவது வீட்டில் ஒரு பெண் சின்னப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டா.

எனக்கு மனம் கேட்கவில்லை. திரும்பி வந்து, முதலில் கண்ட அம்மாவிடம், "ஒண்டுமில்லையம்மா, நான் சும்மாதான் ஓடுறன்" என்றேன். அவா நான் வந்த பாதையை இன்னொரு தரம் பார்த்தா. வீடுகளைக் கண்டால் கையை உயர்த்திக் காட்டிச் சிரித்துக்கொண்டு ஓடுகிற பழக்கம் எனக்கு வந்தது அவா பிறகு சொன்ன சொல்லால்தான்: "இஞ்ச ஆரும் சும்மா ஓடினதில்லைத் தம்பி. அதுதான் பார்த்தனான்."

உப்புக் கரைசல்

வியர்வையில் போகிற உப்பை உடம்புக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடையில் விற்கிற விளையாட்டுக்காரர்களின் பானம் இந்தப் பக்கத்தில் கிடைப்பதில்லை. அதனால் வயிற்றோட்டம் வந்தவர்களுக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்புப் பைக்கற்றுகளை மல்லாவி மருந்துக்கடையில் வாங்கினேன். வாரம் ஆறு. கடைக்காரரை எல்லாரும் நானா என்பார்கள். முல்லைத்தீவு முஸ்லிம் குடும்பம், யுத்தகாலத்தில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்தவர்.

நான்காவது வாரமும் ஆறு பைக்கற் கேட்டபோது, அவர் பின்னால் நின்ற ஆட்களைப் பார்த்துவிட்டு, மேசைக்கு மேலால் குனிந்து, தாழ்ந்த குரலில், "இன்னும் நிக்கேல்லையோ?" என்றார். மரதன், அட்டவணை, உப்புச் சமநிலை எல்லாவற்றையும் விளங்கப்படுத்த நினைத்தேன். வரிசை நீளமாக இருந்தது. "இப்ப கொஞ்சம் குறைவு நானா" என்றேன். நான் சாதாரணமாகப் பொய் சொல்வதில்லை. சொன்னதற்குத் தண்டனையும் உடனே கிடைத்தது: "தனிய இருக்கிற பிள்ளை, கடைச் சாப்பாட்டை விடுங்க. நாளைக்கு வீட்டில கஞ்சி வைக்கச் சொல்லுறன், வந்து எடுத்துக்கொண்டு போங்க."

கைபேசி சொன்ன முப்பத்திரண்டு

அந்தச் சனிக்கிழமை வந்தது. மாங்குளம் வீதியில் பதினாறு கிலோமீற்றர் போய், திரும்பிப் பதினாறு வரவேண்டும். எங்கள் வீதிகளில் பஸ் குறைவு. மோட்டார் சைக்கிளில் போகிற எவரும் தனியே போகிற ஆளைக் கண்டால் நிறுத்தாமல் போகமாட்டார்கள். நிறுத்தாமல் போவதை மரியாதைக்கேடாக நினைக்கிற சனம். இருபது கிலோமீற்றருக்குள் ஆறு பேருக்கு நன்றி சொல்லி அனுப்பியிருந்தேன்.

இருபத்து மூன்றாவதில் ஏழாவது ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வயல் செய்கிற கமக்காரர், பின் ஆசனத்தில் மூட்டை ஒன்றும் கட்டியிருக்கவில்லை. "ஏறும் தம்பி" என்றார். "இல்லை ஐயா, நான் ஓடுறன்." "அது தெரியுது. முன்னுக்கு யானை நிக்கும், ஏறும்." "இப்ப நிக்குதோ?" "நேற்று நிண்டது." யானை நேற்றுத்தான் நின்றது, இன்றைக்கு இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஏறினேன். கால் வலித்தது என்பது பாதிக் காரணம். மற்றப் பாதி, அவர் ஏற்கெனவே கதையைத் தொடங்கியிருந்தார். மகள் உயர்தரப் பரீட்சை எழுதியிருக்கிறாளாம், கம்பஸ் கிடைத்தால் தூர இடத்துக்கு அனுப்பலாமோ, அங்கே பிள்ளைகள் தனியே இருந்து அழுவார்களோ என்று கேட்டார். முதல் வருடம் அழுவார்கள், பிறகு பழகிவிடும் என்றேன். அந்த முழு வாரத்திலும் நான் அவ்வளவு கதைக்கவில்லை.

அவர் வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கை வந்து இறங்கியபோதுதான், காற்சட்டைப் பையில் கைபேசி இவ்வளவு நேரமும் தூரத்தை எண்ணிக்கொண்டிருந்தது நினைவு வந்தது. இருபத்தெட்டு என்றது. மிச்சம் நான்கு. நன்றி சொல்லிவிட்டு ஓடத் தொடங்கினேன். பின்னால் என்ஜினை நிறுத்தினார். "இவ்வளவு தூரம் கொண்டந்து விட்டும் ஓடுறீர் எண்டா, பிறகு நான் ஏத்தினது என்னத்துக்கு?"

கட்டைவிரல்கள்

கொழும்பு ஓட்டத்துக்குப் பதிந்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. ஓடின தூரத்தைக் கைபேசியே அதற்கு அனுப்பிவிடும்படி வைத்திருந்தேன். நான் அறைக்கு வந்து குளித்து முடிப்பதற்குள் முப்பத்திரண்டு கிலோமீற்றர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இருபது பேருக்குக் கிட்டக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் விடுவதும் பொய்யோ என்று இரண்டு நாள் யோசித்தேன். அதைவிட இன்னொன்று என்னை அரித்தது. அந்த ஐந்து கிலோமீற்றரையும் நான் ஒன்பது நிமிடத்தில் கடந்திருப்பதாக வரைபடம் காட்டியது. மனிதனால் முடியாத வேகம். அவ்வளவு பேரில் ஒருவர்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்காமலே கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை எழுதினேன்: "சனிக்கிழமை நான் ஓடியது இருபத்தேழு. ஐந்து கிலோமீற்றர் மோட்டார் சைக்கிளில் போனேன். மன்னிக்கவும்." நான்கு மணித்தியாலம் போனது. பிறகு, வெள்ளவத்தையில் இருக்கிற, முகம் தெரியாத ஒரு தங்கச்சியிடமிருந்து வந்தது: "நான் அண்டைக்கே பார்த்தனான் அண்ணா. உங்களை ஆம்புலன்சில கொண்டு போகினமாக்கும் எண்டு நினைச்சு, கேக்கப் பயந்துபோய் இருந்தனான்."

பதக்கம்

பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அம்மா, மெலிந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனா. அப்பா வரம்பில் நின்று வாய்க்கால் தண்ணீரை மறித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் எதையும் உடனே மறுக்கிற ஆள் இல்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"ஓடினா என்ன தருவினம்?"

"பதக்கம் அப்பா."

"எத்தினையாவதா வாற ஆளுக்கு?"

"முடிக்கிற எல்லாருக்கும்."

முப்பத்திரண்டை இன்னும் ஓடவில்லை, ஓடாவிட்டால் போகப் போவதுமில்லை என்றும் சொன்னேன். அது அவருக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். பரீட்சைக்கு முதல்நாள் என்னைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். ஒரு வெட்டு மண்ணை எடுத்து வாய்க்கால் வாயில் போட்டார், காலால் மிதித்தார். பிறகு எனக்கு ஒரு வழி கண்டுபிடித்துத் தருகிறவரைப் போலச் சொன்னார்: "எல்லாருக்கும் குடுக்கிறதெண்டா நீ ஏன் மினக்கெட்டுப் போவான்? தபாலில அனுப்பச் சொல்லு."

குளக்கட்டு

நீண்ட தூரம் ஓட இனி ஒரு சனிக்கிழமைதான் மிச்சம். அதற்குப் பிறகு தூரத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் ஆறாது என்று அட்டவணை சொன்னது. அந்தச் சனிக்கிழமைக்கே அது சொன்னது பத்தொன்பது. நான் அட்டவணையை மீறினேன். படித்த காலத்தில்கூட நான் மீறின அட்டவணை இல்லை.

இந்த முறை வீதி வேண்டாம் என்று குளக்கட்டுக்குப் போனேன். மோட்டார் சைக்கிள் வராதபடி இரண்டு பக்கமும் கல் போட்டு மறித்த துண்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இரண்டு கிலோமீற்றர். பதினாறு தரம் ஓடினால் முப்பத்திரண்டு. கைபேசியை அறையில் வைத்துவிட்டேன். எண்ணிக்கை தவறக்கூடாது என்று, ஒவ்வொரு முனையிலும் குனிந்து ஒரு சின்னக் கல்லை எடுத்து ஓரத்தில் வைத்தேன். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். ஆறாவது தரம் வரைக்கும் நல்லாயிருந்தது. பத்தாவதில், நான் இங்கே விழுந்தால் திங்கட்கிழமை சுகந்தி அக்கா கதிரையைப் பார்க்கும் வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பன்னிரண்டாவதில் நினைக்கவும் முடியவில்லை.

குளத்தில் ஒருவர் தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். பதினான்காவது தரம் முனைக்கு வந்து குனிந்தபோது, அவர் தோணியைக் கரையில் ஏற்றிவிட்டு, குளக்கட்டில் ஏறி, ஈரக் காலோடு புல்லை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் நிற்கவில்லை. நின்றால் திரும்ப ஓடமாட்டேன் என்று தெரியும். பதினைந்து. பதினாறு. கடைசிக் கல்லை வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். முப்பத்திரண்டு. கூட்டிப் பார்க்க ஒன்றுமில்லை, கல் இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. சொல்வதற்கு அங்கே அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

"முடிஞ்சுது அண்ணை" என்றேன்.

"கிடைச்சிட்டுதோ?"

"என்ன?"

"விடியத் தொடக்கம் பார்க்கிறன், இந்த அந்தமும் அந்த அந்தமும் ஓடி ஓடிக் குனிஞ்சு தேடுறீர்."

"நான் ஒண்டும் துலைக்கேல்லை அண்ணை. ஓடிப் பழகுறன்."

அவர் நம்பவில்லை. என்னுடைய முகம் அப்படி இருந்திருக்கும். எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, புல்லுக்குள் ஒரு தரம் கையை விட்டுத் துழாவிவிட்டு, ஒருவருக்கும் கேட்கக்கூடாத விசயம் போல மெல்லச் சொன்னார்: "மோதிரமெண்டாச் சொல்லும், வெக்கப்படாதையும். ரெண்டு பேராத் தேடினாக் கெதியாக் கிடைக்கும்."

கொழும்பு பஸ்ஸுக்கு ஆசனம் பதிந்துவிட்டேன். முப்பத்திரண்டு கிலோமீற்றரை யாரும் பிழை பிடிக்கமுடியாதபடி ஓடி முடித்தவனுக்கு, மீதிப் பத்தைப் பற்றி மட்டும் அட்டவணையில் ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்பதை நேற்றுத்தான் கவனித்தேன்.