பின்விளக்கில் விழுந்த நீலம்

அவளைத் தெருவில் எல்லோரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் வேலை பார்த்தவள். வாக்கப்பட்டதோ ஒரு கார் பெயிண்டருக்கு. கல்யாணமான முதல் மாதம், புதுப் பெண்டாட்டி மேலிருந்த ஆசையில் அவர் அவளுடைய கண்ணாடியை, பெயிண்டைக் கரைக்கும் தின்னர் தொட்டுத் துடைத்துக் கொடுத்தார். பிளாஸ்டிக் வில்லை பால் பூத்தாற்போல் வெளுத்துவிட்டது. வேறு கண்ணாடி வர ஒரு வாரம் ஆயிற்று. "அந்த ஒரு வாரம்தான் நீங்க லட்சணமா தெரிஞ்சீங்க" என்று இருபது வருஷமாகச் சொல்லிச் சிரிக்கிறாள்.

பெயிண்டர் கைதேர்ந்தவர்தான். ஆனால் பெயிண்ட் படக்கூடாத இடங்களைக் காகிதம் ஒட்டி மறைக்கிற வேலை வந்துவிட்டால் மட்டும் அவசரக் குடுக்கை. அப்படித்தான் டீச்சரின் காரில் மாட்டிக்கொண்டார். ஓய்வு பெற்ற டீச்சர் அவர்; நாற்பத்தைந்து வயது வெள்ளைக் காருக்கு நீலம் அடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். பெயிண்டர் அடித்து முடித்த மறுநாள் காலை காகிதத்தை உரித்த கண்ணாடியக்கா, சிவப்புப் பின்விளக்கில் விரலை ஓட்டினாள். உப்புத்தாள்போல் சொரசொரத்தது. ஓரம் பிரிந்த காகிதத்துக்குள் புகுந்த நீலம் இரண்டு விளக்கிலும் தூசியாய்ப் படிந்திருந்தது. முன்பக்கக் கறுப்புப் பிளாஸ்டிக் சட்டத்தையும் அது விட்டுவைக்கவில்லை.

பெயிண்டர் தின்னர் டப்பாவை எடுத்தார்.

"அதைக் கீழ வைங்க."

"ரெண்டே நிமிஷம்மா. சாயங்காலம் டீச்சர் வந்துடுவாங்க."

"என் கண்ணாடிக்காவது வேற கெடச்சுது. இந்த விளக்குக்கு எங்க போய் நிப்பீங்க?"

அவர் டப்பாவை வைத்துவிட்டு நல்ல பிள்ளையாகத் திருப்புளி எடுத்து இரண்டு விளக்கு மூடிகளையும் கழற்றிக் கொடுத்தார்.

பட்டறையின் ஜன்னலோர மேஜையில் அவள் வேலை தொடங்கியது. வண்டியில் படிந்த அழுக்கை எடுப்பதற்கென்றே விற்கும் களிமண் கட்டியை மாவுபோல் பிசைந்து தட்டையாக்கினாள். மூடியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, கண்ணில் படாத கீழ் ஓரத்தில் முதலில் தேய்த்துப் பார்த்தாள். கீறல் விழவில்லை. பிறகு முழுவதும் அழுத்தாமல் இழுத்தாள். முதலில் சர்சர்ரென்றது, போகப்போகச் சத்தம் அடங்கி வழுக்கியது. நீலம் களிமண்ணில் ஏற ஏற, மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் பாலிஷ் தொட்டு, அந்தக் காலத்து வில்லையைத் தேய்ப்பதுபோல் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தாள்.

சாயங்காலம் வருவதாகச் சொன்ன டீச்சர் பகலிலேயே வந்து நின்றார்.

"எங்கம்மா உன் வீட்டுக்காரர்?"

"வண்டிக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கார், டீச்சர். உங்க விளக்கு மேல பெயிண்ட் பட்டுடுச்சு. அதைத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன்."

டீச்சர் முகம் சுருங்கியது. முடித்து வைத்திருந்த மூடியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என் வண்டியோடது இல்லையே! என்னுது மங்கலா இருக்குமே. எதை மாத்தி வச்சீங்க?"

கண்ணாடியக்கா பதறவில்லை. இன்னும் தொடாத மற்ற மூடியை எடுத்து, நீலத்துக்கு அடியில் கிடந்த வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினாள். முன்பு எப்போதோ வேறொருவர் வெள்ளை அடித்தபோது தெறித்து, விளக்கை மங்க வைத்தவை.

டீச்சர் குனிந்து பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வண்டிக்கு வயசாயிடுச்சு, கண்ணு மங்கிடுச்சுன்னுல்ல இத்தனை நாள் நெனச்சேன்! கொண்டா அந்த மண்ணை. இதை நானே தேய்க்கிறேன்."

"அழுத்தாதீங்க டீச்சர், கோடு விழும்."

"முப்பது வருஷம் பிள்ளைங்களைத் திட்டினேன். இப்ப திட்டு வாங்குறது என் முறை."

சிரிப்புச் சத்தம் கேட்டுத் தைரியம் வந்து, பெயிண்டர் மூன்று டீயோடு வெளிப்பட்டார். அவர் கையில் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷைக் கொடுத்தாள் கண்ணாடியக்கா. கறுப்புச் சட்டத்தின் நெளிநெளியான வரிகளுக்குள் களிமண் போகாது. வெந்நீரும் சோப்பும் பிரஷும்தான் வழி. தன் பல்லுக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்காத மனுஷன், ஒரு மணி நேரம் குந்தி உட்கார்ந்து காருக்குப் பல் தேய்த்தார்.

மூடிகளைத் திரும்ப மாட்டியபின், மாலையில் டீச்சர் பிரேக்கை மிதித்தபோது பட்டறையின் பின்சுவர் செக்கச்செவேலென்றது. "இன்னொரு தடவை மிதிங்க!" என்று கண்ணாடியக்கா கை தட்டினாள்.

டீச்சர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இப்போது பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மங்கின விளக்கையும் மீட்டர் மூடியையும் துணியில் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். காகிதம் ஒட்டுகிற வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். அவள் ஒட்டி முடித்துத் தலையாட்டும்வரை பெயிண்டர் ஸ்பிரே கன்னைத் தொடுவதில்லை.