நிலாவில் கிடந்த ஆட்டுப் புழுக்கை

எனக்கும் என் அத்தை மகனுக்கும் ஒரே டைரக்டர் மீது பைத்தியம். அவர் எடுத்தது மொத்தம் நாலே படம். நாலிலும் பேய், பிணம், விஞ்ஞானி, ராக்கெட் என்று ஏதாவது ஒன்று இருக்கும். போடிக்கு எது வந்தாலும் முதல் நாளே இருவரும் ஆஜர். நான் சிலமலையில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவன் எஸ்டேட் ஒன்றில் ஜீப்பு ஓட்டினான். படம் விட்டு வெளியே வந்ததும் எது ஒசத்தி, எது மட்டம் என்று சண்டை பிடிப்போம்.

முதல் இடத்தில் மட்டும் தகராறு இல்லை. வெட்டுப்பட்ட கை தானாக ஊர்ந்துபோய் டாக்டரின் கழுத்தை நெரிக்கும் படம் அது. அந்தக் கைக்குச் சொந்தக்காரனின் முழங்கை ஒரு காட்சியில் நன்றாகவே தெரியும். ஆனாலும் பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் ஒருவர் வேட்டியை விட்டுவிட்டு ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத மனிதன் படத்தில் பாதி நேரம் வெறும் நாற்காலியைக் காட்டினார்கள். அதை நான் இரண்டாவது என்பேன். அவன் கிணற்றுப் பேய் படம்தான் என்பான். அந்தப் பேய் பாடாமல் இருந்திருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். கடைசி, நிலாவுக்குப் போகிற படம். நிலாவில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஜீப்போடு வீட்டுவாசலில் வந்து நின்றான்.

"மாப்ளே, வெரசா கெளம்பு! நம்ம டைரக்டரு வந்திருக்காரு. அடுத்த படத்துக்குக் காடு பாக்கணுமாம். மொதலாளி என்னைய கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு."

டைரக்டர் குள்ளமாக, பட்டுச் சட்டையில் இருந்தார். குரங்கணிவரை ஜீப்பில் போய், பிறகு ஏலத்தோட்டத்துக்குள் நடந்தோம். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, அவர் கணுக்காலில் ஓர் அட்டை ஏறிவிட்டது. அவர் போட்ட அலறலை அவர் படத்தில் எந்த நடிகையும் போட்டதில்லை.

"ஒண்ணுமில்ல சார், பொகையிலயத் தேச்சா விழுந்துரும்" என்று தேய்த்துவிட்டான் அத்தை மகன். அவரைத் தேற்றுவதாக நினைத்து, "சார், ஒங்க படத்துல எது ஒசத்தின்னு நாங்க வரிசையே போட்டு வச்சிருக்கோம். மொதல்ல கை படம்தான்" என்றான்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப எனக்கு மஞ்சக்காமாலை. படுத்த படுக்கையா கிடந்தேன். என் அசிஸ்டெண்ட் எடுத்தது அது. கடைசியா எதைப் போட்டிருக்கீங்க?"

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் ஜீப்பையே பிரேக் போட்டு ஓட்டாதவன்.

"நிலாப் படம் சார்."

"மூணு வருஷம் உழைச்சேனய்யா அதுக்கு!"

"வானம் நல்லா இருந்துச்சு சார்" என்றேன் நான்.

"வானம் கறுப்புத் துணி."

"புழுக்கைதான் சார் கெடுத்துருச்சு" என்றான் அவன்.

"எந்தப் புழுக்கை?"

சொன்னோம். அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அது மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை. பாறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். "காஞ்சுபோன ஏரியில எடுத்தோம். முந்தின நாள் எவனோ அங்க ஆட்டுக் கிடை போட்டிருக்கான்" என்றார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அதற்குமேல் காடு பார்க்கவும் இல்லை.

சாயங்கால ரயிலில் ஏற்றிவிட்டோம். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வாத்தியாரே, நிசமாச் சொல்லுங்க. அது கடைசிதானா?" என்று கேட்டார்.

அழுகிற பையனுக்கும் கூசாமல் முட்டை மார்க் போடுகிற ஆள் நான். அன்றைக்கு என்னால் முடியவில்லை. "இல்ல சார், மூணாவது" என்று கத்தினேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

அத்தை மகன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "நீ புண்ணியம் தேட என் கெணத்துப் பேயையாடா கடைசிக்குத் தள்ளுவ?" என்பதுதான் எட்டாம் நாள் அவன் பேசிய முதல் வார்த்தை.