போனை முதலில் வைத்தவர்

தெருவில் அவருக்குக் கம்பிக்காரர் என்று பெயர். இருபத்திரண்டு வயதில் போர்முனையில் தொலைபேசிக் கம்பி இழுத்தார். திரும்பி வந்து தொலைபேசி அலுவலகத்தில் அறுந்த கம்பிகளை இணைத்தார். ஒரு கோப்பைத் தேநீரைக்கூட அவர் உட்கார்ந்து குடித்ததில்லை. கையில் கோப்பையோடு கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பார். "கால்ல சக்கரம் கட்டிட்டுப் பொறந்தவரு," என்பாள் மனைவி.

இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டுக்கு யார் போன் செய்தாலும் அவராக ரிசீவரை வைக்க மாட்டார். தப்பான நம்பரைச் சுழற்றியவர்கள்கூட மாட்டிக்கொள்வார்கள். கேஸ் கடை என்று நினைத்துக் கூப்பிட்ட ஒருவர் தன் மாமியாரின் முழங்கால் வலி வரைக்கும் பேசிவிட்டுத்தான் வைத்தார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். இவருக்கோ வியர்வையில் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது.

போரில் ஒரு பிற்பகல். குன்றின்மேல் பதுங்குகுழியில் பன்னிரண்டு பேர். குண்டு விழுந்து கம்பி அறுந்துவிட்டது. அவர்களை உடனே இறங்கச் சொல்லியாக வேண்டும். கம்பியை உள்ளங்கையில் பிடித்தபடியே இவர் தவழ்ந்து போனார். அறுந்த முனைகளைப் பல்லால் உரித்து முறுக்கினார். கையோடு கொண்டுபோன போனை மாட்டினார்.

"எல்லாரும் இறங்கி வந்துடுங்க. உத்தரவு!"

"அவங்க போய் அரை மணி ஆச்சு," என்றது ஒரு குரல். "எனக்குக் கால் ரெண்டும் போச்சு. என்னைத் தூக்கிட்டு ஓட முடியாது, நான்தான் போகச் சொன்னேன்."

"ஆள் அனுப்பறேண்ணே."

"சரி. அதுவரைக்கும் கொஞ்சம் பேசிட்டு இரேன்."

மற்றப் பதுங்குகுழிகளுக்குப் போகும் கம்பியும் இரண்டு இடத்தில் அறுந்து கிடந்தது. "நேரமில்லண்ணே," என்று போனைக் கழற்றிக்கொண்டு ஓடினார். ஆள் போவதற்குள் குன்று எதிரியின் கையில்.

இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஓய்வு பெற்றதும் வீட்டில் நடக்க இடம் போதவில்லை. படைப்பிரிவுக்கு எழுதிப்போட்டு, இறந்தவருடைய தங்கையின் முகவரியை வாங்கினார். பஸ்ஸில் மூன்று மணி நேரம். இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். மூன்றாம் முறை கதவு தானே திறந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு தையல்கார அம்மாள்.

"மூணாவது தடவையா வந்து நிக்கறீங்க. யாரு நீங்க?"

நின்றபடியே கொட்டிவிட்டார்.

"அண்ணன் பயந்திருந்தாரா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "பயந்துதாம்மா இருந்தார்."

"அப்ப ரெண்டு வார்த்தை பேசியிருந்தா வாயில இருக்கற முத்தா உதிர்ந்திருக்கும்?"

அந்த அம்மாள் உள்ளே போய்விட்டாள். தையல் இயந்திரம் கடகடவென்று ஓடியது. இவர் தெருவில் மேலும் கீழும் நடந்தார். போகவும் மனமில்லை, நிற்கவும் முடியவில்லை. வெகுநேரம் கழித்து இயந்திரம் நின்றது.

"அண்ணன் சொன்னதை மறுபடி சொல்லுங்க. ஒரு எழுத்து விடாம."

சொன்னார். 'நான்தான் போகச் சொன்னேன்' என்ற இடத்தில் அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கூட இருந்தவங்க விட்டுட்டு ஓடிட்டாங்கன்னுதானே நாங்க நெனச்சோம்! அந்தப் பதினொரு பேரையும் எங்கம்மா சாகறவரைக்கும் சபிச்சாங்க. அதுல யாராவது உயிரோட இருக்காங்களா?"

"ரெண்டு பேர் இருக்காங்கன்னு கேள்வி."

"எனக்கு அவங்களைப் பாக்கணும். கூட்டிட்டு வருவீங்களா?"

அப்போதும் அவர் உட்காரவில்லை. முகவரி தேட அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.