முப்பத்தோரு மீட்டர் பிள்ளை

எங்கள் மலைக்கிராமமான ஓபர்கிர்ன்பாக்கில் மருத்துவச்சி ஆஃப்ரா ஸ்டாட்ல்ஹூபரின் கையில் விழாமல் பிறந்தவர்கள் மூன்றே பேர்: பாதிரியார், தபால்காரர், நான். அவர்கள் இருவரும் வெளியூர். நான் அவளுக்கு முன்பே பிறந்துவிட்டேன். மற்ற அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் அவள்தான் இந்த உலகத்துக்குள் இழுத்துப் போட்டாள். சைக்கிளில் போவாள், டிராக்டரில் போவாள், ஒருமுறை பனிச்சரிவின் மேலேயே உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு போனாள். பிரசவ வீட்டு வாசலில் அந்தப் பனிச்சரிவு அவளுக்காக நின்று கொடுத்ததை நானே பார்த்தேன்.

அறுபத்தேழு வயதில் ஓய்வு பெறும் முன் அவளுக்கு ஒரே ஆசை. மே முதல் தேதி ஊர் நடுவே நாங்கள் நட்டு நிறுத்தும் மே மரம் என்ற நெட்டைக் கம்பத்தில் தன் தொழிலுக்கும் ஒரு பலகை தொங்க வேண்டும். ரொட்டிக்காரருக்கு முறுக்கு ரொட்டி, கொல்லருக்குச் சுத்தியல், தையல்காரருக்குக் கத்தரி என்று எல்லாத் தொழிலும் நீலமும் வெள்ளையும் பூசிய அந்த மரத்தில் தொங்கும். மருத்துவச்சி மட்டும் தொங்கியதே இல்லை. பலகையை அவளே செதுக்கி வைத்திருந்தாள்: ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்த இரண்டு கைகள். இந்த முறை விட்டால், அடுத்த மரம் ஐந்து வருடம் கழித்துத்தான்.

விழாக் குழுத் தலைவன் கசாப்புக்கடை க்விரின் உதட்டைப் பிதுக்கினான்.

"இது பழைய தொழிலுங்களுக்கான மரம் ஆஃப்ராம்மா. ஆளாளுக்கு மாட்டினா நாளைக்குப் பல் டாக்டரும் வந்து நிப்பாரு."

"எதுடா பழசு? கசாப்புக்காரனுக்கு இருக்கிற உன் மெட்ஸ்கர்ங்கிற பேரே ரோம்காரன் பாஷையிலேர்ந்து வந்ததுன்னு படிச்சவங்க சொல்றாங்க. மாவு அரைக்கிற ம்யூல்லரும் அப்படித்தான். மருத்துவச்சிக்கு இருக்கிற என் ஹேபம்மே இந்த மண்ணுலயே முளைச்ச பேரு. தூக்குற பாட்டின்னு அர்த்தம். ஏன், ரோம்காரன் வர்ற வரைக்கும் இங்க யாரும் பொறக்கவே இல்லையா?"

"தூக்குறதுன்னா அது இந்த மரத்தைத் தூக்கறது! பிள்ளைய யாரு வேணாலும் தூக்கலாம்."

"உன்னைத் தூக்கினவ நான். அஞ்சேகால் கிலோ. இன்னும் இடுப்பு புடிச்சுக்கிட்டு இருக்கு!"

குழு விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்து, எல்லோரும் கை தூக்கி, வேண்டாம் என்று முடிவெடுத்தது.

மே முதல் தேதி காலை. தோல் கால்சட்டை போட்ட நாற்பது ஆண்கள், இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய கழிகளால் மரத்தை முட்டுக்கொடுத்து ஏற்றினார்கள். க்விரின் "ஹௌ ருக்!" என்று குரல் கொடுக்க, மரம் ஒவ்வொரு முழமாக எழுந்தது. பாதி உயரத்தில் இருக்கும்போது அவன் திறந்த வாய்க்குள் கொழுத்த மே வண்டு ஒன்று நேராகப் புகுந்தது. க்விரினிடமிருந்து இருமல் வந்தது, கண்ணீர் வந்தது, குரல் மட்டும் வரவில்லை. நாற்பது பேரும் நாற்பது நேரத்தில் தள்ள, மரம் ஆடி ஆடி, பீர் வைத்திருந்த கூடாரத்தின் பக்கமாகச் சாயத் தொடங்கியது. ஊரே அலறியது, பீர் என்றால் சும்மாவா?

ஆஃப்ரா பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பீப்பாயின் மேல் ஏறினாள்.

"எல்லாரும் என்னைப் பாருங்க! யாரும் தள்ளாதீங்க, சும்மா புடிச்சுக்கிட்டு இருங்க! வாயைத் திறந்து மூச்சு விடுங்க... ஊஃப், ஊஃப்... வாஸ்டல், கண்ணை மூடாத! ம், இப்போ முக்குங்க! முக்கு, முக்கு, முக்கு! போதும்!"

"என்னால முடியலம்மா!" என்று அழுதான் ரொட்டிக்கடை வாஸ்டல்.

"உங்கம்மாவும் இதையேதான் சொன்னா. நீ பொறந்தியா இல்லையா? முக்குடா!"

அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுத்தான் அவர்கள் பூமிக்கே வந்திருந்தார்கள். நாற்பது பேரும் ஒன்றாக மூச்சு வாங்கினார்கள், ஒன்றாக முக்கினார்கள். மரம் நிமிர்ந்து, குழிக்குள் தொப்பென்று இறங்கி நின்றது. பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிக்க மறந்து கை தட்டினார்கள்.

வண்டைத் துப்பிவிட்டு வந்த க்விரின் யாரிடமும் கேட்கவில்லை. ஏணியைச் சாத்தினான், பலகைக்குக் கை நீட்டினான்.

"எங்க மாட்டட்டும் ஆஃப்ராம்மா?"

"உன் கசாப்புக் கத்திக்கு மேல. ஒரு முழம் மேல."

அவன் ஆணி அடித்து முடிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள், பீப்பாயிலேயே உட்கார்ந்து தன் பிரசவக் குறிப்பேட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் எழுதினாள்:

"அறுநூற்றுப் பதின்மூன்று. மே 1, காலை 11.20. நீளம் முப்பத்தோரு மீட்டர். பிள்ளை நலம். தாய்மார்கள் நாற்பது பேரும் நலம், பீர் கேட்கிறார்கள்."